முதல் தண்ணீர்

மே 31, சனி

மழைக்காலம் தொடங்கிவிட்டது. பால்கனியில் போடும் துணி எதுவும் காய்வதில்லை. அண்ணன் குழந்தை ஆதிராவின் சின்னச் சின்னச் சட்டைகள் சாப்பாட்டு நாற்காலிகளின் முதுகில் தொங்குகின்றன. வீட்டு வேலைக்கு வரும் மாலி அக்கா ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டு ஈரத்தை எடுத்தார். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடித்தாள்.

"இந்தப் பட்டன் பிஞ்சு போச்சு பாரு மாலி. இத ஒரு பக்கமா வெய்யி, அப்பறம் தெக்கலாம்."

மாலி அக்கா சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துத் தாய்லாந்து மொழியில் ஏதோ சொல்லி அதைத் தனியாக வைத்தார். அம்மா கோபிசெட்டிபாளையத்துப் பேச்சைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. மாலி அக்கா தாய்லாந்தின் சுரின் மாகாணத்துக்காரர். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மூத்தவர்களை இங்கே மரியாதையாக அழைக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் அசிங்கமாகிவிடும். அண்ணன் வந்த புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து அண்ணியிடம் திட்டு வாங்கினான். அதனால் இந்த நோட்டில் அவர் மாலி அக்கா. என்னை அவர் 'நோங்' என்பார். தங்கை என்று பொருள்.

வீட்டில் தாய்லாந்து மொழி தெரிந்தவள் நான் மட்டுமே. இங்கே முதுகலை படிக்க வந்த பிறகு கற்றுக்கொண்டேன். அண்ணன் நூல் கம்பெனியில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கிறான். அண்ணிக்கும் அலுவலகத்தில் அப்படித்தான். அம்மா பிப்ரவரியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள். எனவே இந்த வீட்டில் யார் யாரிடம் என்ன சொல்ல வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் போக வேண்டும். அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

மாலி அக்காவின் மகள் பிம்முக்கு இந்த மாதக் கடைசியில் கல்யாணம். மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண். மாப்பிள்ளை வீட்டார் சமுத் பிரகானில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். சொல்லும்போது மாலி அக்கா துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன்.

"கவர்ல போட்டு நல்லபடியா குடுத்துரலாம்," என்றாள். "அவங்க வாய்விட்டுக் கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டா அவங்களுக்கும் சங்கடமில்ல, நமக்கும் சங்கடமில்ல."

"கேக்கறதுக்காகத்தான் சொன்னாங்கன்னு எப்படிச் சொல்றீங்க அண்ணி?"

"பொண்ணு கல்யாணத்த வேற எதுக்குச் சொல்லுவாங்க?"

அண்ணி கெட்டவள் இல்லை. அவளைப் பொறுத்தவரை எந்த விஷயத்தையும் ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி முடித்துவிடலாம். அறைக்கு வந்து பாதியில் விட்ட நாவலை எடுத்தேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்ற நிம்மதியோடு படித்தேன்.

ஜூன் 5, வியாழன்

அண்ணி நினைத்தது தவறு. மாலி அக்கா கேட்டது பணம் அல்ல.

சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அம்மா குளியலறையில் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். ஆதிரா கத்துவதும் அம்மா சமாதானம் சொல்வதும் கேட்டன. மாலி அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"நோங், உங்க அம்மாகிட்ட எனக்காக ஒண்ணு கேட்டுச் சொல்லணும்."

கல்யாணத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டியிட்டுக் கைகளைக் குவித்து நீட்டியிருப்பார்களாம். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து சங்கால் அந்தக் கைகளில் தண்ணீர் ஊற்றி வாழ்த்துவார்கள். மாப்பிள்ளை வீட்டில் அதற்குப் பெரிய வரிசையே இருக்கிறது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியப்பா வேறு. பெண் வீட்டில் யாரும் இல்லை. மாலி அக்காவின் கணவர் பிம் சின்னக் குழந்தையாக இருந்தபோதே லாரி விபத்தில் போய்விட்டார். சுரினில் இருக்கும் அண்ணனுக்குப் பக்கவாதம்.

"எங்க பக்கத்து வரிசைல நான் மட்டும்தான். எனக்கு முன்னால ஒரு பெரியவங்க உக்காரணும். முதல் தண்ணி அவங்க ஊத்தணும். உங்க அம்மா வருவாங்களா?"

அதற்கு ஏன் என் அம்மா என்று கேட்டேன்.

குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார். "தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி உங்க அம்மா அத முதல்ல தன் மணிக்கட்டுல விட்டுப் பாக்கறாங்க. தினமும் பாக்கறேன். அந்தக் கைல இருந்து விழற தண்ணி என் பொண்ணு கைல முதல்ல விழட்டும்னு தோணுச்சு."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்னும் கேட்கவில்லை.

ஏன் என்பதை எழுதிப் பார்க்கிறேன். அம்மா ஊரில் சீர்க்காரியாக இருந்தவள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர் செய்வதற்கென்று சில பெண்கள் இருக்கிறார்கள். அதற்கென்று ஒரு சடங்கு செய்துகொண்டவர்கள். கணவனும் பிள்ளைகளும் உள்ளவர்கள். மணப்பெண்ணுக்கு முதல் எண்ணெய், முதல் தண்ணீர், முதல் மஞ்சள் எல்லாம் அவர்கள் கையால்தான். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அம்மாவைக் கூட்டிப்போகக் கார் வரும். சின்ன வயதில் அவள் கையில் எப்போதும் மஞ்சள் மணக்கும்.

அப்பா இறந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அதன் பிறகு எந்தக் காரும் வரவில்லை. அண்ணன் கல்யாணத்தில்கூட அம்மா மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கமே இருந்துவிட்டாள். தாலி கட்டும் நேரத்தில் அவளைத் தேடிப் போனேன். பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் போய், உன்னை ஒரு கல்யாணத்துக்கு முதல் தண்ணீர் ஊற்றக் கூப்பிடுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? மாட்டேன் என்பாள். ஏன் மாட்டேன் என்பதை அவளே தன் வாயால் சொல்ல வேண்டிவரும். அந்த வேதனையை அவளுக்குத் தர வேண்டாம்.

மாலி அக்காவிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், எங்கள் ஊரில் பெண்களுக்கு இப்போது அந்த மாதிரிக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது என்று. என் ஆய்வுக்கு அவரைப் பேட்டி கண்டபோது, ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

மாலி அக்கா தானாகவே கேட்டார். "அம்மா என்ன சொன்னாங்க?"

"அன்னைக்கு அம்மாவுக்கு ஒரு கோயில் வேண்டுதல் இருக்குதாம்," என்றேன். "ரொம்ப நாளுக்கு முன்னாடியே வேண்டிக்கிட்டது. ரொம்ப வருத்தப்பட்டாங்க."

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கோயில் என்றதும் மாலி அக்கா உடனே தலையசைத்தார். வேண்டுதலை மாற்றக் கூடாது, புண்ணியம் என்றார். பிறகு கறிவேப்பிலை தீர்ந்துபோனதைச் சொன்னார். பாஹுரட் சந்தையில் நல்லதாகக் கிடைக்கும் என்றேன்.

இருவருக்கும் வலியில்லாமல் முடிந்தது. அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஆய்வில் இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்தினேன். மழை.

ஜூன் 13, வெள்ளி

இன்று மறுபடியும் கேட்டார். தண்ணீர் ஊற்றுவது காலையிலேயே முடிந்துவிடுமாம். அம்மா கோயிலுக்குப் போவதற்கு முன்போ போய்விட்டோ வரலாம், மாப்பிள்ளை வீட்டில் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லிப் பேசிவிட்டேன் என்றார். அவர்களிடம் இதைக் கேட்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

"கூட்டம்னா அம்மாவுக்கு ஒத்துக்காது," என்றேன். "மூச்சு முட்டும்."

மாலி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சமையலறை வாசல் வழியாகக் கூடத்தைப் பார்த்தார். அம்மா ஆதிராவை இடுப்பில் வைத்துக்கொண்டு, நேற்று பாஹுரட் சந்தையில் வாங்கிய வளையல்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கே கால் வைக்க இடமில்லாத நெரிசல். அம்மா எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் போய்ப் பேரம் பேசினாளாம். கூடவே பைகளைச் சுமந்துகொண்டு போனவர் மாலி அக்கா.

இது எனக்கு நினைவு வந்தபோது வாயிலிருந்து வார்த்தை போய்விட்டிருந்தது.

"சரிங்க, குன் தாரணி," என்றார். மேலதிகாரிகளையும் கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களையும் இங்கே 'குன்' சேர்த்துத்தான் அழைப்பார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

ஐந்தாவது நாளாகக் குன். தேநீர் கொண்டுவந்து வைக்கும்போதுகூடக் கொஞ்சம் குனிந்து வைக்கிறார். வேலையில் எந்தக் குறையும் இல்லை. என் புத்தக அலமாரியைத் தூசு தட்டி, புத்தகங்களை உயரவாரியாக அடுக்கிவிட்டார். முன்பெல்லாம் ஏதாவது ஒன்றை எடுத்து அட்டைப்படத்தைக் காட்டி, இதில் என்ன கதை என்று கேட்பார்.

இரவு சாப்பாட்டுக்குக் காய் நறுக்கும்போது அம்மா கேட்டாள்.

"மாலிக்கு என்னாச்சு அம்மிணி? மொகம் சொணங்கியே கெடக்குது. மக கண்ணாலத்த வெச்சுக்கிட்டு இப்பிடி இருப்பாளா ஒருத்தி? நீ எதாச்சும் சொன்னியா?"

"இல்லம்மா. வேல ஜாஸ்தி இருக்கும்."

"அப்பச் சித்த லீவு குடுக்கச் சொல்லு உங்கண்ணிய." அரிவாள்மனையிலிருந்து எழுந்தாள். "நாளைக்குக் கச்சாயம் சுட்டுத் தாரேன். கண்ணாலத்து வீட்டுக்கு நம்ம பங்குக்கு ஒண்ணு போவட்டும்."

அந்த வெல்லப் பலகாரத்துக்கு அரிசி ஊறப்போட்டாள். இந்த வீட்டில் நான் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன் என்பது அந்த அரிசியைப் பார்த்தபோது உறைத்தது. அதுவரை அது ஒரு சிறிய, நாகரிகமான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

ஜூன் 21, சனி

எழுத உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்கிறேன்.

மாலி அக்கா அழைப்பிதழ் கொண்டுவந்தார். அண்ணனும் அண்ணியும் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார்கள். என் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. கூடத்தில் நடந்ததை அங்கிருந்தே பார்த்தேன்.

சோபாவில் இருந்த அம்மாவின் முன்னால் மாலி அக்கா தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் அழைப்பிதழை நீட்டினார். அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதிலிருந்த பிம்மின் படத்தைத் தொட்டு, "மகாலட்சுமியாட்டம் இருக்கறா," என்றாள். மாலி அக்கா கைகளைக் குவித்து நீட்டிக் காட்டினார். பிறகு ஒரு கையை எடுத்து மற்றதன்மேல் தண்ணீர் ஊற்றுவதுபோலக் காட்டினார். பிறகு அம்மாவைச் சுட்டினார். பிறகு தலைக்கு மேல் கைகூப்பிக் கோயில் என்று காட்டி, பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டிச் சிரித்தார்.

எத்தனையோ மணப்பெண்களின் தலையில் தண்ணீர் வார்த்தவளுக்கு அந்தக் கை அசைவைப் புரிந்துகொள்ள யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. முதலில் அம்மாவும் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள். தானும் தலைக்கு மேல் கைகூப்பிக் காட்டி, என்ன என்று கேட்பதுபோலப் பார்த்தாள். மாலி அக்கா மறுபடியும் கூப்பினார்.

அவர் போன பிறகு அம்மா என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நா எந்தக் கோயலுக்குப் போறேன் அம்மிணி?"

நோட்டை மூடினேன்.

"கண்ணாலத்துல தண்ணி ஊத்தறதுக்கு அவ என்னையக் கூப்புட்டாளா?"

"ம்."

"எப்ப?"

"மாசம் பொறந்தப்ப."

"அதுக்கு நா என்ன சொன்னேன்?"

"அம்மா…"

"சொல்லு கண்ணு. நா என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியோணுமல்ல."

கோயில் என்று சொன்னதைச் சொன்னேன். கூட்டம், மூச்சு முட்டும் என்று சொன்னதையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் பரீட்சையில் பதில் ஒப்பிப்பதுபோல இருந்தது. "உனக்கு வெசனமா இருக்கும்னுதாம்மா," என்றேன். "எப்படியும் நீ மாட்டேன்னுதான் சொல்லுவேன்னு…"

"ஆமா. கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்." ஜன்னலைப் பார்த்தாள். "ஆனா அதச் சொல்றது நானா இருந்திருக்கோணும்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இன்னும் முடித்திருக்கவில்லை.

"உங்கப்பா போனதுக்கப்பறம் ஊர்ல ஒருத்தரும் என்னைய வாராதேன்னு சொன்னதில்ல. தெரியுமா உனக்கு? ஒருத்தரும் வாயத் தொறந்து சொன்னதில்ல. நானாத்தான் ஒதுங்கி நின்னுக்கிட்டேன். கூப்புட வந்தவங்கள நிறுத்தி வெச்சது நீதான் மொத ஆளு."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

குழந்தையைப் பற்றித் தவிர அம்மா இன்று என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல ஏதாவது வழி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அத்தைகிட்டக் கேக்கவே இல்லையா நீ?" என்று மட்டும் கேட்டாள். எதையும் உறைக்குள் போட்டு முடிக்கிற அவள்கூட அம்மாவிடம் கேட்டிருப்பாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அந்த எட்டாம் தேதிப் பக்கத்தை மறுபடியும் படித்தேன். எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன். அம்மாவின் வேதனையைப் பற்றி முழுப் பத்தி. என் சங்கடத்துக்கு அதன் அடியில் மூன்று வாக்கியங்கள்.

ஜூன் 23, திங்கள்

காலையில் மாலி அக்கா சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன்.

தாய்லாந்து மொழியில் இதைச் சொல்லக் கடினமாக இருந்தது. எங்கள் ஊரில் கணவன் இல்லாத பெண் மங்கலக் காரியங்களில் முன்னால் நிற்பதில்லை, அம்மா இப்படிப்பட்ட சடங்குகளை முன்னின்று செய்தவள், நான்கு வருடமாகச் செய்வதில்லை, அதனால் கூப்பிட்டால் வருத்தப்படுவாள் என்று நானே முடிவெடுத்தேன். இவ்வளவையும் சொன்னேன். எங்கள் ஊரில் அதெல்லாம் இல்லை என்று உங்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன், அதனால் உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அந்த மொழியில் தடுமாறினேன்.

மாலி அக்கா குழாயை நிறுத்தினார்.

"கல்யாண ராத்திரிக்குப் படுக்கை விரிக்கறதுக்குத்தான் சேந்து வாழற ஜோடியா பாப்போம். அதுக்கு மாப்பிள்ளையோட பெரியப்பா பெரியம்மா வர்றாங்க. தண்ணிக்கு வயசு போதும். என் புருஷன் செத்து எத்தன வருஷமாச்சு. நானும்தான ஊத்தப் போறேன்."

"ஒரு தடவை உங்ககிட்டக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

"வேலைக்காரி கூப்பிட்டா எப்படிப் போறதுன்னு நெனச்சிட்டாங்கன்னு நான் நெனச்சேன். அது எனக்குப் புதுசில்ல. இதுக்கு முன்னால வேல செஞ்ச வீடுகள்ல பாத்ததுதான். ஆனா உங்க அம்மா கச்சாயம் சுட்டுக் குடுக்கறாங்க, என் தட்டுல இருந்து காரம் எடுத்துத் தின்னு கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கறாங்க. அதான் எனக்குப் புரியல. எது நெசம், எது நடிப்புன்னு அந்த அம்மாவைத்தான் சந்தேகப்பட்டேன்."

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. இத்தனை நாளும் அவர் மனதில் தாழ்ந்துபோனது நான் அல்ல. அம்மா.

"பிம்கிட்ட என்ன சொன்னீங்க?"

"வர்றாங்கன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். மாப்பிள்ள வீட்டுலயும் சொல்லிட்டேன். மாத்திச் சொல்ல வாய் வரல." துண்டில் கையைத் துடைத்தார், விரல் விரலாக. "அப்போ நான் கேட்டது உங்க அம்மாவுக்குத் தெரியாது."

"சனிக்கிழமைதான் தெரிஞ்சுது. நான் கேக்கவே இல்ல."

"அப்போ நான் இன்னும் கேக்கவே இல்ல," என்றார்.

கூடத்துக்குப் போனார். நானும் எழுந்தேன். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினார், அங்கேயே இரு என்று. சமையலறை வாசலில் நின்றேன்.

இந்த முறை அவர் தரையில் உட்காரவில்லை. சோபாவில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். போனில் பிம்மின் படத்தைக் காட்டினார். கைகளைக் குவித்தார், தண்ணீர் ஊற்றினார், அம்மாவின் மணிக்கட்டைத் தொட்டார். அம்மா தன் வெறும் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு வெறும் கழுத்தைத் தொட்டாள். மாலி அக்கா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கும் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் பிம்மின் படம்.

அம்மா போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு தன் வெளிறிய சேலையின் முந்தானையைப் பிடித்து, இதையா உடுத்துவது என்பதுபோலத் தூக்கிக் காட்டினாள்.

மாலி அக்கா இரண்டு கையையும் ஆட்டி, கூடவே கூடாது என்றார்.

ஜூன் 26, வியாழன்

அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தது எல்லாம் சாம்பலும் வெண்மையும். இங்கே கல்யாணத்துக்கு வெள்ளையும் கறுப்பும் ஆகாது. என்னிடம் அரக்கு நிறத்தில் ஒரு கைத்தறிச் சேலை இருக்கிறது. இஸ்திரி போட்டுக் கட்டிலில் எடுத்து வைத்திருந்தேன்.

அம்மா அண்ணியிடம் சேலை கேட்டாள். அவளுடைய வளைகாப்புக்குக் கட்டிய கிளிப்பச்சைப் பட்டு. அண்ணி மறுப்பாள் என்று நினைத்தேன்.

"அது உங்களுக்கு எடுப்பா இருக்கும் அத்தை," என்று அண்ணி பீரோவைத் திறந்தாள். "ஜாக்கெட் மட்டும் கொஞ்சம் புடிக்கணும். குடுங்க, நானே புடிச்சுத் தரேன்."

"கெழவிக்குக் கிளிப்பச்சையான்னு சிரிப்பாங்க சாமி."

"தாய்லாந்துக்காரங்க அழகாத்தான் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்."

அரக்குச் சேலையை மடித்து உள்ளே வைத்தேன்.

ஜூன் 28, சனி

நான் போகவில்லை.

நேற்று அம்மா சொன்னாள். "நீ கொழந்தயப் பாத்துக்க அம்மிணி. உங்கண்ணனும் அண்ணியும் எங்கூட வாராங்க. கார்ல அத்தன பேரு போனா கொழந்த நசநசன்னு அழுவும்."

காரில் இன்னும் ஒருவருக்கும் குழந்தைக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. அது அம்மாவுக்கும் தெரியும். "அங்க பேசறதுக்கு?" என்று கேட்டேன். "எனக்கென்ன பேச்சு," என்றாள். "தண்ணி ஊத்தறதுக்கா?"

விடியற்காலையில் கிளிப்பச்சைப் பட்டில் அவள் கூடத்துக்கு வந்தபோது ஆதிராவுக்கு அடையாளம் தெரியவில்லை. உதட்டைப் பிதுக்கினாள். அம்மா சிரித்து, "நாந்தான்டி," என்று அவள் கன்னத்தை நிமிண்டிவிட்டுப் போனாள்.

காலை முழுக்கக் குழந்தையோடு இருந்தேன். பால் கலக்கினேன், ஜட்டி மாற்றினேன், தூங்க வைத்தேன். குளிப்பாட்டும்போது தண்ணீரை என் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். எனக்குச் சூட்டின் அளவு தெரியவில்லை. ஆதிரா வீறிட்டாள். குளிர்ந்த தண்ணீரைக் கலந்து அவசரமாக முடித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். "எப்படிம்மா இருந்துது?" என்றேன்.

"நல்லபடியா முடிஞ்சுது," என்றாள். காப்பி கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு அண்ணியின் அறைக்குச் சேலை மாற்றப் போனாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. ஆதிராவின் துணிகளை மடித்துக்கொண்டு கூடத்திலேயே இருந்தேன்.

"மொதல்ல என்னையத்தான் கூப்புட்டாங்க, பாத்தீல்ல?" அம்மாவின் குரல். "அந்தத் தலைமை வாத்தியாரு எந்திரிச்சு நின்னு இடம் உட்டாரு. எனக்குக் கை நடுங்கிப்போச்சு சாமி. சங்கு கீழ உழுந்துருமோன்னு. அந்தப் புள்ள நிமுந்து பாத்து மெல்லமா சிரிச்சுது. அப்பறம்தேன் கை நின்னுச்சு."

"அழுதுட்டீங்களே அத்தை."

"நா எங்க அழுதேன். மாலிதான் அழுதா. அவ அழுவறதப் பாத்து எனக்குக் கண்ணு கலங்குச்சு, அவ்வளவுதேன்."

இருவரும் சிரித்தார்கள். அம்மா இன்னும் ஏதோ சொன்னாள், தாழ்ந்த குரலில், நீளமாக. அது காதில் விழவில்லை. துணிகள் எல்லாம் மடித்து முடிந்துவிட்டன. கலைத்துவிட்டு மறுபடியும் மடிக்க ஆரம்பித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

மாலி அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார். என்னிடம் நன்றாகவே பேசுகிறார். கல்யாணப் படங்களை அனுப்பினார். ஆய்வுக்கு இன்னொரு நாள் பேட்டி தரட்டுமா என்று அவராகவே கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஒலிப்பதிவை இனி என்னால் கேட்க முடியாது என்பதைச் சொல்லவில்லை.

மத்தியானம் சமையலறையில் பேச்சுச் சத்தம். அம்மா தமிழில், அவர் தாய்லாந்து மொழியில். இடையிடையே பாத்திரம் உருளும் சத்தம், பிறகு இருவரும் அடக்க முடியாமல் சிரிப்பது. எனக்கு இரண்டு மொழியும் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவு கவனித்தும் எதைப் பற்றிய சிரிப்பு என்று பிடிபடவில்லை.

உள்ளே போனேன். "என்னம்மா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல அம்மிணி. நீ போய்ப் படி."